‘கோட் எதையும் தொடல, கான்ஃபிக் மட்டும்தான் மாத்தினேன்’: சர்வர்களை நிர்வகிக்க யாமல் ஃபைல் போதுமா, புரோகிராம் எழுதணுமா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தின் முதல் டெர்மினலில் வரிசை நகரவே இல்லை. இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் நிறுவனங்களின் செக்-இன் சிஸ்டம் முடங்கியிருந்தது. நாட்டின் பல விமான நிலையங்களில் ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படங்களை நீங்களும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்திருப்பீர்கள்.

அன்று உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றதற்குக் காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு ஃபைல். அது புதிய மென்பொருள் அல்ல. ‘சேனல் ஃபைல் 291’ என்ற கான்ஃபிகரேஷன் ஃபைல். 10.57 மணிக்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நடுவில் போனது 78 நிமிடங்கள்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு.

அதே நாள் அதிகாலையில் மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடிலும், அமெரிக்காவின் மத்தியப் பகுதியில், தனியாக ஒரு கோளாறு நடந்தது. இரண்டு செய்தியும் கலந்துபோனதால் பலருக்கு எது எது என்றே புரியவில்லை. ஆனால் அந்தக் கோளாறுக்கும் காரணம் ஒரு கான்ஃபிகரேஷன் மாற்றம்தான். எந்தெந்தக் கணினி ஸ்டோரேஜை அணுகலாம் என்ற அனுமதிப் பட்டியல் முழுமையில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

நீங்கள் ஒயிட்ஃபீல்டிலோ, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ, மான்யதா டெக் பார்க்கிலோ வேலை பார்ப்பவர் என்றால் ‘கோட் எதையும் தொடல, கான்ஃபிக் மட்டும்தான் மாத்தினேன்’ என்ற வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே சொல்லியிருப்பீர்கள். கான்ஃபிக் என்றால் ஆபத்து குறைவு என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. டிப்ளாய்மென்ட் டூல்களைச் சுற்றி பல வருடங்களாக நடக்கும் ஒரு வாக்குவாதமும் இந்த நம்பிக்கையைப் பற்றியதுதான்: சர்வர்களை எப்படி அமைக்க வேண்டும் என்பதை ஒரு விவரப் பட்டியலாக எழுதி வைப்பதா, அல்லது முழு புரோகிராமாக எழுதுவதா?

டிக்ளரேட்டிவ் என்றால் என்ன?

பெங்களூரில் பிஜியில் தங்கியிருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கீழே சம்ப், மேலே தண்ணித் தொட்டி, நடுவில் மோட்டார். ‘காலைல 6 மணிக்கு மோட்டாரைப் போடு, 20 நிமிஷம் கழிச்சு நிறுத்து’ என்று வாட்ச்மேனிடம் சொன்னால், அது செய்முறை. தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தாலும் அவர் 20 நிமிடம் ஓட விடுவார், தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும். நேற்று இரவு யாரோ குழாயைத் திறந்து விட்டு தொட்டி காலியாகியிருந்தால், 20 நிமிடம் போதாது.

இப்போது பல வீடுகளில் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருக்கிறது. அதற்கு நீங்கள் சொல்வது ஒன்றே ஒன்று: ‘தொட்டி எப்பவும் நிரம்பியிருக்கணும்’. இப்போது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அதுவே ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்தால் மோட்டாரைப் போடும், நிறைந்தால் நிறுத்தும். நீங்கள் சொன்னது வேலையை அல்ல, முடிவை. இதுதான் டிக்ளரேட்டிவ்.

குபெர்நெட்டிஸில் ‘ரெப்ளிகா 3’ என்று எழுதுவது இதே மாதிரிதான். மூன்றில் ஒன்று செத்தால் இன்னொன்றை எழுப்பும். யாராவது கையால் நான்காவதைச் சேர்த்தால் அதைத் தூக்கிவிடும். டெர்ராஃபார்மும் இதே யோசனைதான், ஆனால் அது தானாக ஓடிக்கொண்டே இருக்காது. நீங்கள் கட்டளை கொடுக்கும்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இந்த யோசனை ஒன்றும் கிளவுட் காலத்தில் பிறந்ததல்ல. 1993-ல் நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்எஞ்சின் இதைத்தான் செய்தது. 2005-ல் பப்பெட் வந்தது. 2009-ல் வந்த ஷெஃப், ரூபி மொழியில் நேரடியாக கோட் எழுதச் சொன்னது. அந்த ஃபைல்களுக்கு ‘ரெசிபி’ என்றே பெயர் வைத்தார்கள். 2012-ல் அன்சிபிள் மறுபடி யாமல் பக்கம் இழுத்தது. 2014-ல் ஒன்றிரண்டு மாத இடைவெளியில் குபெர்நெட்டிஸும் டெர்ராஃபார்மும் வந்தன. 2018-ல் புலுமியும், 2019-ல் முழு வெளியீடாக அமேசானின் சிடிகேவும் ‘யாமல் போதும்ப்பா, பைத்தானிலோ டைப்ஸ்கிரிப்டிலோ எழுதுங்க’ என்றன. ஊசல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

எட்டில் ஒன்றை மறந்தால்?

பட்டியல் முறையை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் கதை நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துடையது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறப்பதற்கு முந்தைய நாட்களில், எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஏழில் ஏற்றினார். எட்டாவதை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் சரிபார்க்கும் நடைமுறையும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய கோட் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. புதிய வசதிக்காக மறுபயன்பாடு செய்யப்பட்ட ஒரு ஃபிளாக், அதை எழுப்பிவிட்டது. 45 நிமிடங்களில் லட்சக்கணக்கான தேவையற்ற ஆர்டர்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பதிவு செய்திருக்கிறது.

‘இந்த எட்டு சர்வர்களிலும் இந்த வெர்ஷன் இருக்க வேண்டும்’ என்று ஒரு ஃபைலில் எழுதி, அதை ஒரு டூல் சரிபார்த்திருந்தால், எட்டாவது சர்வர் பொருந்தவில்லை என்பது ஆர்டர் போவதற்கு முன்பே தெரிந்திருக்கும். பட்டியலின் பலம் இதுதான். அதை மனிதரும் படிக்கலாம், இன்னொரு டூலும் படிக்கலாம். ‘எந்த ஸ்டோரேஜும் வெளியாருக்குத் திறந்திருக்கக் கூடாது’ என்று ஒரு விதி எழுதி, எல்லா ஃபைல்களையும் அதை வைத்துச் சோதிக்கலாம். நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பது இரண்டு வரி வித்தியாசமாகத் தெரியும். ஆடிட்டர் கேட்டால் காட்டலாம்.

புரோகிராமில் இது கஷ்டம். ஒரு புரோகிராம் என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால், பெரும்பாலும் அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

சரி, அப்போ யாமல்ல என்ன பிரச்னை?

யாமலில் ஒரு தொலைபேசிப் பட்டியல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு எஸ்டிடி கோட் 044. பெங்களூருக்கு 080. மேற்கோள் குறி போடாமல் இரண்டையும் எழுதிவிட்டீர்கள். யாமல் 1.1 விதிப்படி, சுழியத்தில் தொடங்கும் எண் என்றால் அது எட்டடிமான எண். ஆகவே 044 என்பது 36 ஆகிவிடும். 080 மட்டும் தப்பிக்கும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது, அதனால் அதை எண்ணாகவே கருதாமல் எழுத்துச் சரமாக விட்டுவிடும். ஒரே ஃபைல், ஒரே மாதிரி இரண்டு வரி. சென்னைக்காரருக்கு மட்டும் போன் போகாது.

இது யாமலின் பழைய வியாதி. நார்வேயின் நாட்டுக் குறியீடான ‘என்ஓ’, ‘இல்லை’ என்ற பொய்மதிப்பாக மாறிவிடும் என்பது உலகப் பிரசித்தம். கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று: ஒன்டாரியோ மாகாணத்தின் ‘ஓஎன்’ குறியீடு, ‘ஆன்’ என்று படிக்கப்பட்டு உண்மை மதிப்பாகும். பைத்தான் வெர்ஷன் 3.10 என்று எழுதினால் 3.1 ஆகிவிடும். 2009-ல் வந்த யாமல் 1.2 இவற்றில் பலவற்றைச் சரிசெய்தது. ஆனால் பரவலாகப் பயன்படுத்தப்படும் பல லைப்ரரிகள் இன்னும் பழைய விதியையே பின்பற்றுகின்றன.

இதையாவது மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம். பெரிய தலைவலி வேறு. உங்களிடம் 40 சேவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் டெவ், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று மூன்று சூழல். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான 120 ஃபைல்கள். ‘ஒரு லூப் இருந்தா நல்லாருக்குமே’ என்று தோன்றும். யாமலில் லூப் கிடையாது. அப்போதுதான் டெம்ப்ளேட் உள்ளே வருகிறது.

ஹெல்ம் சார்ட் எழுதியவர்களுக்கு இது தெரியும். யாமலுக்கு இடைவெளிதான் இலக்கணம். அதன் மேல், யாமலைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு டெம்ப்ளேட் மொழி, வெறும் எழுத்துகளை ஒட்டி ஒட்டி யாமல் தயாரிக்கும். அதனால் எத்தனை இடைவெளி விடணும் என்பதை நீங்களே எண்ணிச் சொல்ல வேண்டும். ராத்திரி 2 மணிக்கு பேஜர் அடித்து எழுந்து, இரண்டு ஸ்பேஸ் குறைந்ததைக் கண்டுபிடிப்பதற்கா இவ்வளவு படித்தோம் என்று தோன்றும். அது முழு புரோகிராமிங் மொழியும் இல்லை, வெறும் பட்டியலும் இல்லை. நல்ல எடிட்டர் உதவி இல்லை, சரியான பிழைச் செய்தி இல்லை.

பிரிட்டிஷ் புரோகிராமர் மைக் ஹாட்லோ 2012-ல் இதை ஒரு கடிகாரமாக வரைந்து காட்டினார். 12 மணிக்கு எல்லாம் கோடுக்குள் இருக்கும். 3 மணிக்குள் கான்ஃபிக் ஃபைலுக்கு மாற்றுவோம். அப்புறம் விதிகள் சேர்ப்போம். 9 மணிக்கு நமக்கென்று தனியாக ஒரு சின்ன மொழியே உருவாகிவிடும். அதைச் சோதிக்கவும் முடியாமல், பராமரிக்கவும் முடியாமல், ‘கோடிலேயே எழுதிடலாம்’ என்று 12 மணிக்குத் திரும்பி வருவோம். டெர்ராஃபார்மின் எச்சிஎல் மொழியும் கொஞ்சம் அப்படித்தான் நகர்ந்தது. 2019 மே மாதம் வந்த 0.12 வெர்ஷனில் ‘ஃபார்’ கோவைகள் முறையாக நுழைந்தன.

அப்போ நேரா பைத்தான்லயே எழுதிடலாமா?

எழுதலாம். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. புலுமியோ சிடிகேவோ பயன்படுத்தினால் டிக்ளரேட்டிவ் முறையை விட்டுவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் பைத்தானில் லூப் எழுதுகிறீர்கள். அந்த புரோகிராம் ஓடி முடிந்ததும் கிடைப்பது ஒரு பட்டியல்தான். சிடிகே நேரடியாக அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட்டைத் தயாரித்துக் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் ஒப்பிட்டு மாற்றும் வேலையைச் செய்வது அதே பழைய டிக்ளரேட்டிவ் எஞ்சின். தொட்டி கன்ட்ரோலர் மாறவில்லை, அதற்கு அளவு எழுதிக் கொடுக்கும் பேனாதான் மாறியிருக்கிறது.

லாபம் என்னவென்றால், ஃபங்ஷன், யூனிட் டெஸ்ட், தப்பாக டைப் செய்தால் சிவப்புக் கோடு என எல்லாம் கிடைக்கும். நஷ்டம், அந்த மொழியின் முழு சக்தியும் உள்ளே வந்துவிடுகிறது. யாராவது இன்றைய தேதியைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு வரி எழுதினால், திங்கட்கிழமை ஒரு பட்டியல் வரும், செவ்வாய்க்கிழமை வேறு பட்டியல் வரும். கோட் மாறவே இல்லை, சர்வர் மாறிவிட்டது. ரிவ்யூ செய்பவர் 12 வரி பைத்தானைப் பார்த்து, அதிலிருந்து 300 வளங்களில் எது மாறும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடைமுறையில் யாரும் ஓட்டுவதில்லை, ‘எல்ஜிடிஎம்’ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நடுவழியில் சில மொழிகள் இருக்கின்றன. தால் என்ற மொழியில் லூப் மாதிரி வேலைகள் செய்யலாம், ஆனால் எந்த புரோகிராமும் முடிவில்லாமல் ஓடாது என்பது மொழியிலேயே உறுதி. கியூ, ஜேசானெட், 2024 பிப்ரவரியில் ஆப்பிள் வெளியிட்ட பிக்கிள் எல்லாம் இந்த வரிசைதான். யோசனையாக எனக்கு இவை மிகவும் பிடிக்கும். ஆனால் உங்கள் டீமில் நீங்கள் மட்டும்தான் அதைக் கற்றவர் என்றால், நீங்கள் லீவு போடும் நாளில் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

பட்டியலும் ஏமாற்றும்

பட்டியல் என்றால் படித்தவுடன் புரியும் என்பது பாதி உண்மைதான். டெர்ராஃபார்மில் மூன்று டேட்டாபேஸ்களை ஒரு வரிசையாக எழுதி, எண்ணிக்கை முறையில் உருவாக்கியிருக்கிறீர்கள்: மதுரை, சேலம், கோவை. மதுரை இனி வேண்டாம் என்று முதல் பெயரை மட்டும் நீக்குகிறீர்கள். ஃபைலில் மாறியது ஒரு வரி. ஆனால் டெர்ராஃபார்ம் அவற்றைப் பெயரால் அல்ல, வரிசை எண்ணால் ஞாபகம் வைத்திருக்கிறது. அதன் கண்ணில், 0-வது இடத்தில் இருந்த மதுரை சேலமாகிவிட்டது, 1-வது இடத்தில் இருந்த சேலம் கோவையாகிவிட்டது, 2-வது காணாமல் போய்விட்டது. பெயர் மாறினால் புதிதாகத்தான் உருவாக்க முடியும் என்ற வகை வளமாக இருந்தால், மூன்றையும் அழித்துவிட்டு, காலியாக இரண்டை உருவாக்கத் திட்டம் போடும்.

இதற்குத் தீர்வு உண்டு. பெயரையே சாவியாக வைக்கும் முறை 2019-ல் வந்தது, ‘இதை அழிக்கக் கூடாது’ என்று குறித்து வைக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் ஃபைலை மட்டும் பார்த்து ரிவ்யூ செய்தவர் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். அது என்ன செய்யப்போகிறது என்ற பிளான் அவுட்புட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

பெங்களூரிலேயே ஓர் உதாரணம்

ஜே.பி. நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பக் குழு, தங்கள் அமைப்புகளைப் பற்றி வெளிப்படையாக எழுதி வருகிறது. குபெர்நெட்டிஸைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, அவர்கள் ஹாஷிகார்ப்பின் நோமாடை நோக்கி நகர்ந்ததையும் விளக்கியிருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, நோமாடும் டிக்ளரேட்டிவ்தான். வேலைகளை எச்சிஎல் ஃபைலில் எழுத வேண்டும். அதாவது ‘யாமலா, கோடா’ என்ற கேள்விக்கு அவர்கள் கோட் என்று பதில் சொல்லவில்லை. எழுத வேண்டிய, இயக்க வேண்டிய பொருள்களையே குறைத்துக்கொண்டார்கள். நம்ம ஊர் டீம்களில் இந்தக் கேள்வி அரிதாகத்தான் எழுகிறது. 5,000 வரி யாமலை 800 வரி டைப்ஸ்கிரிப்டாக மாற்றலாமா என்று மூன்று மீட்டிங் போடுவோம். அந்த 5,000 வரியும் எதற்கு என்று ஒரு மீட்டிங்கிலும் கேட்க மாட்டோம்.

தரகு நிறுவனங்களுக்கு இது விளையாட்டும் அல்ல. 2022 நவம்பரில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, தொடர்ந்து 5 நிமிடம் அல்லது அதற்கு மேல் சேவை நின்றாலோ மந்தமானாலோ அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்றது. 1 மணி நேரத்துக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ‘என்ன மாறியது’ என்ற கேள்விக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குள் பதில் இருக்க வேண்டும் என்றால், யாரோ சர்வருக்குள் நுழைந்து கையால் தட்டிய கட்டளைகளை நம்பி இருக்க முடியாது.

சேனல் ஃபைல் 291-ல் நடந்தது என்ன?

கிரவுட்ஸ்டிரைக் பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, அந்த ஃபைல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கும் சென்ஸார் புரோகிராம் கொடுத்தது 20. இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகப் பகுதியைப் படிக்கப் போய், விண்டோஸையே கவிழ்த்தது. புரோகிராமின் புதிய வெர்ஷன்களைப் படிப்படியாக வெளியிட அவர்களிடம் நடைமுறை இருந்தது. இந்த வகை ஃபைல்களுக்கு அது கிடையாது. ஏனென்றால், அது ‘வெறும்’ கான்ஃபிக்.

கூகுள் கிளவுடில் 2025 ஜூன் 12 அன்று நடந்ததும் இதன் உடன்பிறப்புதான். மே 29 அன்று ஒரு புதிய கோட் வெளியானது. அது ரீஜன் ரீஜனாக, நிதானமாகத்தான் போனது. ஆனால் அந்தக் கோட் ஓடுவதற்குத் தேவையான பாலிசி எதுவும் அப்போது இல்லாததால், அது ஒரு முறைகூட ஓடவில்லை. இரண்டு வாரம் கழித்து, நமக்கு இரவு 11.15 மணி இருக்கும்போது, சில புலங்கள் காலியாக இருந்த ஒரு பாலிசி டேட்டா உள்ளே போனது. சில நொடிகளில் உலகம் முழுக்கப் பரவியது. எல்லா ரீஜனிலும் அந்த சேவை ஒன்றாக விழுந்தது. கோட் மெதுவாகப் போனது, டேட்டா வேகமாகப் போனது.

கான்ஃபிக் ஃபைல் தனியாக எதுவும் செய்யாது, சரி. ஆனால் அதைப் படிக்கும் புரோகிராம் அடுத்து எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த வகையில் அதுவும் கோட்தான், பெயர் மட்டும் வேறு. யாமலா பைத்தானா என்பதைவிட, அந்த மாற்றம் முதலில் ஒரு மெஷினுக்குப் போகிறதா, ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் போகிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய கேள்வி.

நான் எதைத் தேர்வு செய்வது?

சின்ன டீம், பத்துப் பதினைந்து சேவைகள் என்றால் எளிய பட்டியலே போதும். கொஞ்சம் காப்பி-பேஸ்ட் இருந்தாலும் பரவாயில்லை, டெம்ப்ளேட் மேல் டெம்ப்ளேட் அடுக்குவதைவிட அது மேல். நூற்றுக்கணக்கான சேவைகளுக்கு ஒரே அச்சு தேவைப்படும் பிளாட்ஃபார்ம் டீம் என்றால், கோட் எழுதிப் பட்டியலைத் தயாரியுங்கள். ஆனால் தயாரான பட்டியலையும் கிட்டில் சேமியுங்கள், ரிவ்யூவில் அதையும் காட்டுங்கள். பைத்தானில் மாறியது இரண்டு வரி, பட்டியலில் மாறியது 90 வரி என்றால், அது அப்போதே கண்ணில் படும்.

வேலை தேடுபவர்களுக்கு: யாமல் தெரியும் என்று ரெஸ்யூமேவில் எழுதுவதில் பெரிய மதிப்பு இல்லை. ஸ்டேட் ஃபைல் என்றால் என்ன, நிஜ சர்வரும் ஃபைலும் முரண்பட்டால் டூல் என்ன செய்யும் என்பதை நேர்காணலில் விளக்கத் தெரிந்தால், டெர்ராஃபார்மில் இருந்து அதன் திறந்தநிலை வடிவமான ஓபன்டோஃபுவுக்கோ புலுமிக்கோ மாறுவது சில வாரங்களில் முடிகிற காரியம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெர்ராஃபார்மின் லைசென்ஸை மாற்றியபோது, அதனால்தான் பலரால் பதறாமல் இருக்க முடிந்தது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் திங்கட்கிழமை ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த பிளான் அவுட்புட்டில் கடைசி வரியைப் பாருங்கள். சேர்ப்பவை இத்தனை, மாற்றுபவை இத்தனை, அழிப்பவை இத்தனை என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவது எண் சுழியமாக இல்லையென்றால், எது அழிகிறது, ஏன் அழிகிறது என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் ‘யெஸ்’ என்று டைப் செய்யாதீர்கள்.